பெரம்பூர் கிட்டாரில் ஒரு கையெழுத்து

அந்தப் பையை மேல வைக்க வேணாம் சார், என் மடியிலயே இருக்கட்டும். உள்ள கண்ணாடி இருக்கு. பத்து மடங்கு பெருசாக் காட்டுற லென்ஸ் ஒண்ணு, இருபது மடங்குக்கு ஒண்ணு. எவனாவது பெட்டியை இழுக்கும்போது இது கீழ விழுந்துச்சுன்னா என் பிழைப்பே போச்சு.

என்ன தொழில்னு கேட்டீங்க இல்ல, இதுதான். கையெழுத்து பார்க்கிறது. கைரேகை இல்ல சார், கையெழுத்து. மேல்நாட்டுல ராக் பாட்டுக்காரங்கன்னு இருக்காங்க. முடியை வளர்த்துக்கிட்டு மேடையில குதிக்கிறவங்க. அவங்க கிட்டார் மேல, டிரம் குச்சி மேல, இசைத்தட்டு அட்டை மேல பேனாவால கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாங்க. அதை வாங்கிச் சேர்க்கிறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, நம்ம ஊர்லயும். அந்தக் கையெழுத்து அசலா, போலியான்னு பார்த்துச் சொல்றது என் வேலை. இப்பக்கூட பெங்களூர்ல ஒருத்தர் கூப்பிட்டுத்தான் போறேன். ஏதோ ஒரு பழைய டிரம்மோட தோல் வச்சிருக்காராம்.

சிரிக்கிறீங்க. பரவால்ல, முதல்ல நானும் சிரிச்சவன்தான். அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்காது சார். சாவு மேளம் மாதிரி இருக்கும், பொணம் மட்டும் இருக்காது.

என் பேரு ஏகாம்பரம். போலீஸ்ல முப்பத்தி நாலு வருஷம். எஸ்.ஐ.யா ரிட்டயர் ஆனேன். கடைசி ஏழு வருஷம் போலிப் பத்திரக் கேஸ் பார்க்கிற பிரிவுல இருந்தேன். கையெழுத்து நிபுணர் ஒரு அம்மா இருந்தாங்க, அவங்ககிட்ட ஃபைலைக் கொண்டு போறது, வாங்கிட்டு வர்றது. மேஜைக்குப் பக்கத்துல நின்னே எல்லாத்தையும் கத்துக்கிட்டேன். அந்தம்மா ஒரு தடவை சொன்னாங்க, "ஏகாம்பரம், கையெழுத்துப் போடுறவன் யோசிக்க மாட்டான். யோசிச்சுப் போட்டா அது கையெழுத்து இல்ல, ஓவியம்." எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க. ஆனா அவங்ககிட்ட ஒரு குறை. ரிப்போர்ட்ல எப்பவும் 'என் கருத்து'ன்னுதான் எழுதுவாங்க. 'முடிவு'ன்னு எழுத மாட்டாங்க. கருத்தை வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது? போலீஸுக்கு முடிவு வேணும்.

முடிவு எங்க இருக்கும்? ஆளோட வாயிலதான் இருக்கும். அது எனக்கு நல்லாத் தெரியும்.

ரிட்டயர் ஆன அடுத்த வருஷம் நிகில் செரியன்னு ஒருத்தர் தேடி வந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில பெரிய ரெஸ்டாரண்ட் வச்சிருக்கார். சின்ன வயசு, என் பையன் வயசு. என் பையன் கனடாவுல இருக்கான் சார். ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான், அவங்கம்மாகிட்ட பேசுவான். என் சம்சாரத்துக்கு இடது காது கேக்காது, அதனால போனை வலது காதுல வச்சுக்கிட்டுக் கத்திக் கத்திப் பேசுவாங்க. கல்யாணம் ஆன புதுசுல ஏதோ ஆயிடுச்சு அந்தக் காது. அதை விடுங்க.

நிகில் ரெஸ்டாரண்ட்ல சுவரெல்லாம் கிட்டார். ஒவ்வொண்ணு மேலயும் எவனாவது வெள்ளைக்காரன் கையெழுத்து, கண்ணாடிப் பெட்டி, லைட். அதுல ரெண்டு போலின்னு எவனோ சொல்லிட்டான் போல. மனுஷன் நொந்து போயிட்டார். இனிமே எதை வாங்குறதா இருந்தாலும், சுவர்ல மாட்டுறதா இருந்தாலும் நீங்க பார்த்துச் சொல்லணும் சார்னு கேட்டார்.

முதல் கேஸ் ராயப்பேட்டை ஆளு ஒருத்தன். இசைத்தட்டு அட்டை கொண்டு வந்தான், நடுவுல கையெழுத்து. பழைய அட்டையில உள்ள இருக்கிற தட்டு உராஞ்சு உராஞ்சு வட்டமா ஒரு தேய்மானம் வரும் சார். உண்மையிலேயே பழைய கையெழுத்தா இருந்தா அந்த வட்டத்துல மையும் சேர்ந்து தேய்ஞ்சிருக்கணும். இதுல வட்டத்துக்கு மேல மை சும்மா பளபளன்னு ஓடுது. லென்ஸ்ல பார்த்த உடனே தெரிஞ்சு போச்சு. ஆனா அவன் ஒத்துக்கல. எங்க மாமா லண்டன்ல வாங்கினதுன்னான். சமையல்கட்டுக்குப் பின்னால ஸ்டோர் ரூம் இருக்கு, அங்க கூட்டிட்டுப் போயி ரெண்டு அறை விட்டேன். ரெண்டே ரெண்டு. பேனாவைப் பையில இருந்து அவனே எடுத்துக் கொடுத்தான்.

லென்ஸ் சொன்னதை வாயும் சொல்லிடுச்சு. நிகில் அசந்து போயிட்டார். அன்னையிலேர்ந்து அதுதான் வழக்கம். முதல்ல லென்ஸ், சந்தேகம் வந்தா ஸ்டோர் ரூம். ரெண்டு வருஷத்துல பதினொரு பேரை விசாரிச்சேன் சார். பதினொரு பேரும் ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தன்கூட தப்பிச்சது கிடையாது. எந்த நிபுணருக்கு இந்தக் கணக்கு வரும் சொல்லுங்க.

டீ சாப்பிடுறீங்களா? வேணாமா, சரி.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் ஆடி மாசம், மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். ஒரு ஆளு வந்தான். ஆல்வின் ரெபெய்ரோ. பெரம்பூர், ஆங்கிலோ இந்தியன். ரயில் பெட்டி செய்யிற இடத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். என்னைவிட அஞ்சாறு வயசு மூத்தவன். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. வெயில்ல ரெண்டு பஸ் மாறி, கிட்டாரைப் போர்வையில சுத்தித் தூக்கிட்டு வந்திருக்கான்.

விக்கிறதுக்கு வரல. அதை முதல்லயே சொல்லிட்டான். "எனக்குக் காசு வேணாம் சார். இது அசல்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. நீங்க விரும்பினா ஒரு மாசம் சுவர்ல மாட்டிக்கலாம், கீழ என் பேரு மட்டும் போடுங்க. எங்க தெருவுல அம்பது வருஷமா என்னைப் புருடா ஆல்வின்னுதான் கூப்பிடுறாங்க. அந்தத் தாளைக் கொண்டு போயி காட்டணும்."

அதுல டெரெக் ஹாலோவேன்னு ஒரு பாட்டுக்காரனோட கையெழுத்து. காப்பர் செயின்ட்ஸ்னு ஒரு குழுவாம், பாடினவன் செத்துப் போயி முப்பது வருஷம் ஆச்சு. நிகில் அந்தப் பேரைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எந்திரிச்சிட்டார். அந்தக் குழு மெட்ராஸுக்கு வந்ததே யாருக்கும் தெரியாதாம்.

ஆல்வின் சொன்ன கதை இதுதான். எழுபத்தி மூணுல அந்தக் குழு ஆஸ்திரேலியாவுக்குப் போற வழியில விமானம் பழுதாகி மூணு நாள் இங்க மாட்டிக்கிச்சாம். பெட்டியெல்லாம் எங்கயோ போயிடுச்சாம். பெரம்பூர் ரயில்வே ஆளுங்க போயி, எங்க ஹால்ல ஒரு சாயங்காலம் வாசிங்கன்னு கேட்டிருக்காங்க. கிட்டார் இல்ல. பத்தொம்பது வயசு ஆல்வின் அவனோட கிட்டாரைக் கொடுத்திருக்கான். இன்ஜின் டிரைவரா இருந்த அவன் அப்பா வாங்கிக் கொடுத்த கிட்டார். நாலு பாட்டு முடியிறதுக்குள்ள கூட்டத்துல அடிதடி. நாற்காலி பறக்குது, சோடா பாட்டில் பறக்குது. ஒரு பாட்டில் வந்து பாடுறவன் வலது மணிக்கட்டுல விழுந்து எலும்பு விட்டுப் போச்சு. மறுநாள் காலையில ஆல்வின் கிட்டாரைத் திருப்பி வாங்கப் போனப்ப, அந்தப் பாட்டுக்காரன் இடது கையால அது மேல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. சினிமா எடுக்கலாம். ஆனா என் வேலை கதை கேக்கிறது இல்ல.

லென்ஸை வச்சுப் பார்த்தேன். அந்தப் பாட்டுக்காரனோட கையெழுத்து பன்னண்டு மாதிரி நெட்டுல இருந்து எடுத்து வச்சிருந்தாங்க. பன்னண்டும் வலது பக்கம் சாஞ்சு, ஒரே இழுப்புல, குதிரை ஓடுற மாதிரி இருக்கு. இது இடது பக்கம் சாஞ்சிருக்கு. நாலு எடத்துல பேனாவை எடுத்து எடுத்து வச்சிருக்கு. நடுக்கம். யோசிச்சு யோசிச்சுப் போட்டது. ஓவியம் சார், சுத்தமான ஓவியம்.

மை பழசுதான், அதை நான் மறுக்கல. வார்னிஷ்ல வெடிப்பு விட்டிருந்துச்சு. பின்னால போட்ட மைன்னா வெடிப்புக்குள்ள இறங்கியிருக்கும். இது இறங்கல. மையும் சேர்ந்துதான் வெடிச்சிருந்துச்சு. அதாவது வெடிப்பு வர்றதுக்கு முன்னாலயே, பல வருஷத்துக்கு முன்னாலயே போட்டது. அதனால என்ன? பழைய போலின்னு ஒண்ணு இருக்கக் கூடாதா? பத்தொம்பது வயசுல ஃப்ரெண்டுங்ககிட்ட பீத்திக்கிறதுக்கு அவனே போட்டிருக்கலாம். அதுதான் என் புத்தியில பட்டுச்சு.

"அந்த அடிதடி பேப்பர்ல வந்துச்சா?"ன்னு கேட்டேன்.

"எங்க ஏரியா சண்டையெல்லாம் யார் சார் பேப்பர்ல போடுவாங்க."

"பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

"எல்லாரும் ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டாங்க சார். இருந்தவங்க செத்துட்டாங்க. என் சம்சாரம் இருக்கா, அவ அப்ப ஹாலுக்கு வரல."

நான் நிகிலைப் பார்த்தேன். அவர் எந்திரிச்சுப் போயி ஹால்ல ஓடுற பாட்டைக் கொஞ்சம் சத்தமா வச்சார். அதுதான் எங்களுக்குள்ள பழக்கம். நான் சொல்லி வச்சதில்ல, அவரா பண்றது.

ஸ்டோர் ரூம்ல அரிசி மூட்டை, எண்ணெய் டின்னு, நடுவுல காய் நறுக்குற ஸ்டீல் மேஜை. அவனை உக்கார வச்சேன். மரியாதையாத்தான் சார் ஆரம்பிச்சேன். வயசான ஆளு. திரும்பவும் முதல்லேர்ந்து சொல்லுன்னேன். சொன்னான். இன்னொரு தடவைன்னேன். சொன்னான். மூணாவது தடவையும் அதே வார்த்தை, அதே சோடா பாட்டில், அதே மணிக்கட்டு. ஒரு மனுஷன் மூணு தடவையும் ஒரே மாதிரி சொன்னான்னா மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான்னு அர்த்தம். மாத்தி மாத்திச் சொன்னா பொய் சொல்றான்னு அர்த்தம். இது டிபார்ட்மெண்ட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.

முதல் அறையில கண்ணாடி கழண்டு விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்து, பாக்கெட்ல வச்சுக்கிட்டான். "நான் பொய் சொல்லல சார்"னான். ரெண்டாவதுல உதடு கிழிஞ்சுது. அப்பவும் அதேதான். வயித்துல ஒரு குத்து விட்டேன், நாற்காலியோட சாஞ்சுட்டான். தூக்கி உக்கார வச்சு நானே தண்ணி கொடுத்தேன். குடிச்சிட்டு, "ஆண்டவர் பேர்ல சத்தியம் சார், அவன் என் முன்னாடிதான் போட்டான்"னு திரும்பவும் ஆரம்பிக்கிறான். இந்தப் பிடிவாதம் எனக்கு ஆகாது சார். பொய்யிலயே ஊறின ஆளுக்குத்தான் இந்தப் பிடிவாதம் வரும்.

கறி தட்டுற சுத்தியல் ஒண்ணு பக்கத்துல கிடந்துச்சு. மரப்பிடி, தலை இரும்பு. கையை மேஜை மேல வைன்னேன். வலது கையை வச்சான். அது வேணாம், இடது கையை வைன்னேன். ஏன்னா வலது கை எழுதணுமே. வாக்குமூலம் அவன் கையாலதானே எழுதணும். யோசிக்காம செய்யிறவன் இல்ல சார் நான்.

சுண்டு விரல்ல ஒண்ணு. கத்தினான், ஆனா ஹால்ல பாட்டு ஓடுதே. மோதிர விரல்ல ஒண்ணு. அப்ப ஒரு மாதிரி சத்தம் வந்துச்சு, விரல்லேர்ந்தா வாயிலேர்ந்தான்னு தெரியல. நடு விரலுக்கு ஓங்கினேன். "நான்தான் சார் போட்டேன்"னான்.

சொன்னேன் இல்ல, முடிவு வாயிலதான் இருக்கும்னு.

தாள் கொடுத்தேன். நல்ல கையெழுத்து சார், கான்வென்ட் கை. இங்கிலீஷ்ல எழுதினான். 'கிட்டாரில் உள்ள கையெழுத்தை நானே போட்டேன்.' அடுத்த வரி நான் சொல்லிக் கொடுத்தது. 'யாரும் என்னை வற்புறுத்தவில்லை.' தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டான். இடது கை அது பாட்டுக்கு மேஜை மேலயே கிடந்துச்சு, அதை எடுக்கவே இல்ல அவன். எடுக்கலாமான்னு என்னைக் கேட்டான். எடுத்துக்கன்னேன்.

அப்புறம் நானே ஆட்டோ பிடிச்சு, புத்தூர் கட்டு போடுற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆட்டோ காசு நான்தான் கொடுத்தேன். எந்த போலீஸ்காரன் சார் இதைச் செய்வான்? இறங்கும்போது அவன் "தேங்க்ஸ் சார்"னான்.

கிட்டார் நிகில்கிட்ட இருந்துச்சு. அந்த மாசக் கடைசியில ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவர் ஒரு நிகழ்ச்சி வச்சார். இந்த ராக் பாட்டுக்காரங்க மேடையில கிட்டாரைப் போட்டு உடைப்பாங்களாம், அது ஒரு பெருமை. அதே மாதிரி போலிக் கிட்டாரை மேடையில வச்சு உடைக்கிறது, அதை வீடியோ எடுக்கிறது. எங்க சுவர்ல இருக்கிறது எல்லாம் அசல்னு ஜனங்களுக்குத் தெரியணும்கிறார். நல்ல யோசனைதான். முந்நூறு பேர் வந்திருந்தாங்க. என்னை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார் சார். இவர்தான் கண்டுபிடிச்சவர்னு.

அந்த நேரம் பார்த்து ஆல்வின் வந்து நிக்கிறான். கையில கட்டோட. யாரும் அவனைக் கூப்பிடல. கூட்டத்துல ஒதுங்கி ஒதுங்கி என் பக்கத்துல வந்து, "சார், கையெழுத்து போலின்னா போலியாவே இருக்கட்டும் சார். கிட்டார் என்னோடதுதானே. எங்கப்பா வாங்கிக் கொடுத்தது. அதைக் கொடுத்திருங்க, நான் போயிடறேன்"ன்னான்.

நான் என்ன பண்ண முடியும்? நிகில் ஏற்கனவே கிட்டாரோட கழுத்தைப் பிடிச்சுத் தலைக்கு மேல தூக்கிட்டார். முதல் அடியில ஒண்ணும் ஆகல, நல்ல கட்டை. ரெண்டாவது அடியில உடம்பு பிளந்துச்சு. மூணாவதுல கழுத்து முறிஞ்சுது. கம்பியெல்லாம் ஒண்ணா அறுந்து ஒரு சத்தம் சார், எனக்கே உடம்பு கூசிச்சு. ஜனம் கைதட்டுது. ஆல்வின் மேடையேறி, மண்டி போட்டு, துண்டு துண்டாப் பொறுக்கி போர்வையில வைக்கிறான். இதுவும் நிகழ்ச்சின்னு நினைச்சு இன்னும் கைதட்டுறாங்க. பாதுகாப்புக்கு நின்ன பசங்க ரெண்டு பேர் அவனைத் தூக்கித் தள்ளுனாங்க. மேடை இடுப்பு உயரம்தான். இருந்தாலும் வயசான உடம்பு, விழுந்த மாதிரியே கிடந்தான். அவன் மேல ஒருத்தன் பீரை ஊத்தினான். நான் ஊத்தச் சொல்லல.

ரெண்டு மாசம் அமைதியா போச்சு. அப்புறம்தான் அந்த போட்டோ வந்துச்சு.

இங்கிலாந்துல ஒரு பொம்பளை. அவங்க அப்பா அந்தக் குழுவுக்கு சாமான் தூக்குற ஆளா இருந்தவராம். அவர் செத்ததும், அவர் எடுத்த பழைய போட்டோவையெல்லாம் நெட்டுல போட்டிருக்கு. அதுல ஒண்ணு. பாடுறவன் கட்டில்ல உக்காந்திருக்கான், வலது கையில மாவுக்கட்டு. மடியில கிட்டார். இடது கையில பேனா, நாக்கைக் கடிச்சுக்கிட்டு எழுதிட்டு இருக்கான். பக்கத்துல கட்டம் போட்ட சட்டையில ஒல்லியா ஒரு பையன், பல்லு முப்பத்திரண்டும் தெரியச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். சுவர்ல தமிழ்க் காலண்டர்.

வெளிநாட்டுல இருக்கிற ரசிகருங்க நிகிலோட வீடியோவையும் அந்த போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் போட்டுட்டாங்க. அந்தப் பாட்டுக்காரன் இடது கையால போட்ட கையெழுத்து உலகத்துலயே அது ஒண்ணுதானாம். நிகிலுக்கு எங்கெங்கேயிருந்தோ திட்டு. பேப்பர்ல வந்துச்சு. பெரம்பூர்லேர்ந்து பைக்ல ஒரு கூட்டம் வந்து முன்பக்கக் கண்ணாடியை எல்லாம் கல்லால அடிச்சு நொறுக்கிட்டுப் போச்சு. வாட்ச்மேன் மண்டையில ஆறு தையல்.

என் மனக்குறை அதுக்கப்புறம் நடந்தது சார். நிகில் கூப்பிட்டு விட்டார், போனேன். கால் வச்சதும், தட்டு எடுக்கிற பசங்க, சமையல் ஆளுங்க எல்லாரும் பார்க்க, கன்னத்துல பளார்னு ஒரு அறை. என் பையன் வயசு சார். "உன்னை நம்பி நாசமாப் போனேன்யா"ன்னார். நான் பேச வாயைத் திறந்தேன், இன்னொண்ணு. கீழ்வரிசையில ஒரு பல்லு ஆடிடுச்சு, இன்னும் கெட்டியாகல, இந்தா பாருங்க.

எனக்கு வலி பெருசில்ல. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்காம, விசாரிக்காம, ஒரு மனுஷன் மேல கை வைக்கலாமா? அதுவும் வயசுல பெரியவன் மேல? அன்னைக்குப் பாட்டைச் சத்தமா வச்சது யாரு? அதை நான் கேட்டேனா? அன்னையிலேர்ந்து எனக்குச் சரியாத் தூக்கம் கிடையாது சார்.

அப்பதான் தோணுச்சு. இதுல ஏமாந்தது யாரு? நான்தான். அசல்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டே போலின்னு எழுதிக் கொடுத்தது யாரு? ஆல்வின். அவன் பொய் வாக்குமூலம் கொடுத்ததாலதானே இவ்வளவும். அவனே நேர்ல வந்து, ஏகாம்பரம் சார் மேல தப்பில்ல, நான்தான் அவசரப்பட்டு மாத்திச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. போனேன் அவன் வீட்டுக்கு.

பெரம்பூர்ல சந்துக்குள்ள ரெண்டு ரூம் வீடு. காலையில பத்து மணி இருக்கும். கதவு திறந்தே இருந்துச்சு. அவன் சேர்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தான், என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னுட்டான். இடுப்பு சரியாகல போல, சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். இடது கையில ரெண்டு விரல் மடங்காம குச்சி மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அவன் சம்சாரம், நோரீன்னு பேரு, வெங்காயம் நறுக்கிட்டு இருந்தாங்க. நான் யாருன்னு அவங்களுக்குச் சொல்லவே வேண்டியிருக்கல. கத்தியோடயே எந்திரிச்சு வந்து அவன் பக்கத்துல நின்னாங்க. நான் திரும்பிப் போற வரைக்கும் அந்தக் கத்தியைக் கீழ வைக்கல. ஒரு போலீஸ்காரன்கிட்ட கத்தியைக் காட்டினா என்ன செக்‌ஷன்னு எனக்குத் தெரியும். போகட்டும்னு விட்டுட்டேன்.

"உக்காருய்யா"ன்னேன். உக்காரல.

போன்ல இருந்த போட்டோவைக் காட்டினேன். "பார்த்தியா, எல்லாம் வெளியில வந்துடுச்சு. அந்தக் கையெழுத்து அசல்தான். அன்னைக்கு எதுக்கு என்கிட்ட போலின்னு சொன்ன?"

போட்டோவை அவன் பார்க்கவே இல்ல. என் முகத்தையேதான் பார்த்துக்கிட்டு இருந்தான். "நான்தான் போட்டேன் சார்"னான்.

"யோவ், உலகமே அசல்னு சொல்லுதுய்யா. இதுல நிக்கிற பையன் நீதானே? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இல்ல சார். அது வேற யாரோ."

அந்தம்மா சொன்னாங்க, "ஆல்வின், அந்தச் சட்டை உன் கல்யாணப் பெட்டியில இருந்துச்சு. நானே எத்தனை தடவை துவைச்சிருக்கேன். இவரு முன்னாடி நீ எதுக்கு..."

"நோரீன், நீ சும்மா இரு. சாருக்கு எல்லாம் தெரியும்."

நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன் சார். உன்னைப் புருடா ஆல்வின்னு சொன்னாங்களே, இப்ப தெருவே உன்னைத் தலையில வச்சுக் கொண்டாடுமே, பேப்பர்காரங்க வாசல்ல நின்னப்ப ஏன் கதவைச் சாத்திக்கிட்ட, இப்பவாவது வெளியில வந்து அது நான்தான்னு சொல்லேன்யான்னேன். தலையை ஆட்டிக்கிட்டே இருக்கான். "இல்ல சார். அம்பது வருஷமா எல்லார்கிட்டயும் பொய்தான் சார் சொல்லிக்கிட்டு இருந்தேன். நான்தான் போட்டேன்"னு அதையே சொல்றான். மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் ஒரே மாதிரி.

அப்புறம் மெதுவா கேட்டான், "எழுதிக் கொடுக்கட்டுமா சார்?"

வேணாம்னுதான் சொன்னேன். அவன் கேக்கல. சுவரைப் பிடிச்சுக்கிட்டே போயி அலமாரியில இருந்து தாளும் பேனாவும் எடுத்துட்டு வந்தான். அந்தம்மா அவன் தோளைப் பிடிச்சு இழுக்குறாங்க, அவன் எழுதிக்கிட்டே இருக்கான். கிட்டாரில் உள்ள கையெழுத்தை நானே போட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. ஒரு எழுத்துகூட மாறல. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ரெண்டு கையாலயும் பிடிச்சு நீட்டினான். வாங்கிக்கிட்டேன். நீட்டினா வாங்காம எப்படி சார் இருக்கிறது.

பெங்களூர்க்காரர் எனக்குப் போன் பண்ணது அதுக்கு மறுவாரம். பேப்பர்ல படிச்சாராம். ஆளுங்களை ஒத்துக்க வைக்கிறவர் நீங்கதானேன்னு கேட்டார். வீட்டுக்குப் பின்னால ஷெட் ஒண்ணு காலியா இருக்குன்னார்.

ஆனா ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியல சார், யார்கிட்ட கேக்கிறதுன்னும் தெரியல. அந்த வீட்டுல நான் அவனைத் தொடல. கை ஓங்கல, ஒரு கெட்ட வார்த்தை பேசல. உண்மையைச் சொல்லுய்யான்னுதான் கெஞ்சினேன். ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ளயே விட்டுக்கிட்டு நின்னேன், அந்தம்மாவே சாட்சி. நீங்க படிச்சவர் மாதிரி தெரியுறீங்க, நீங்க சொல்லுங்க. அடிக்காத மனுஷன்கிட்ட எதுக்கு சார் ஒருத்தன் அப்படி எழுதிக் கொடுக்கணும்?